ரஷ்யாவிட்ட எண்ணெய் வாங்கிறது இந்தியாவின்ர இஷ்டம், அப்ப நெடுந்தீவுக்கு ஆர் சோலர் போடுறது எண்டது ஆற்ற இஷ்டம்?

நெடுந்தீவான்

யூரியூப்பைத் திறந்தா இந்தியாவின்ர வெளியுறவைப் பற்றி ஆளுக்கொரு கதை. ஒருத்தர் சொல்லுறார் மோடி அமெரிக்காவின்ர மடியில போய் இருந்திட்டார் எண்டு, மற்றவர் இல்லை இல்லை ரஷ்யாவை விடேலாது எண்டுறார், இன்னொருத்தர் சீனாவின்ர தியான்ஜின்ல மோடியும் சீ ஜின்பிங்கும் கை குலுக்கின படத்தைப் போட்டிட்டு ஆசியா ஒண்டாகீட்டுது எண்டு அழாக்குறையாச் சொல்லுறார். அதெல்லாம் அவையின்ர பாடு. எனக்கு எங்கட தீவுக் கதை ஒண்டு கிடக்கு, அதுக்கு ஆராவது விளக்கம் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் காத்தாடி, சோலர், பற்றரி, டீசல் எல்லாத்தையும் சேத்துக் கரண்ட் குடுக்கிற திட்டம் வந்தது ஞாபகம் இருக்கோ? காசு சீனாவின்ர இல்லை, ஆசிய அபிவிருத்தி வங்கியின்ர. ரெண்டர் கூப்பிட்டினம், சீனக் கொம்பனி ஒண்டு எடுத்தது, 2021 ஜனவரியில அமைச்சரவையும் ஓம் எண்டிட்டுது. உடன டெல்லி குழம்பீட்டுது. அந்த வருசக் கடைசியில மூண்டாம் தரப்பொண்டின்ர பாதுகாப்புக் கவலையால நிப்பாட்டியிருக்கு எண்டு சீனத் தூதரகமே அறிவிச்சது, அதே அறிவிப்பில மாலைதீவில 12 தீவுக்கு அந்தக் கொம்பனி கையெழுத்து வைச்சிட்டுது எண்டு ஒரு குத்தும் குத்தினது. 2022 மார்ச்சில இந்தியா நாங்களே நன்கொடையாச் செய்து தாறம் எண்டு வந்து, 2024 மார்ச்சிலதான் பெங்களூர்க் கொம்பனிக்கு வேலையைக் குடுத்தினம். இடையில போன மூண்டு வருசத்துக்கும் நாங்கள் டீசல் எஞ்சினோட. டீசலும் குறிகட்டுவான் இறங்குதுறையால கடல் கடந்துதான் வரவேணும்.

ரஷ்யாவிட்ட வாங்காதை எண்டு அமெரிக்கா சொன்னா அது எங்கட சொந்த முடிவு எண்டு நிமிந்து நிக்கிற இந்தியா, கொழும்புக்கு அந்தச் சொந்த முடிவை ஏன் குடுக்குதில்லை?


சுன்னாகம் சூரி

மாமியார் உடைச்சா மண்குடம் அண்ணை. வேற என்ன.

சோலர் பனலுக்கு அடியில ராடர் வைச்சிருப்பாங்களோ எண்ட பயமாம்.


வடமராட்சி வாத்தி

சூரி, நக்கல் சரி தம்பி, ஆனா விசயத்தை வடிவாப் பாக்கவேணும். நெடுந்தீவில இருந்து தமிழ்நாட்டுக் கரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பனலுக்கு இல்லை அவை பயப்பிடுறது, பனலோட வந்து வருசக்கணக்கா நிக்கப்போற ஆக்களுக்கு. அம்பாந்தோட்டையும் முதல் வெறும் துறைமுகம்தான், 2017 இல சீனாவுக்கு 99 வருசக் குத்தகை ஆச்சு, 2022 ஆகஸ்ற்றில சீனாவின்ர யுவான் வாங் 5 வந்து கட்டினது. ஏவுகணை, செய்மதி எல்லாம் பின்தொடருற கப்பல் அது. டெல்லி வேண்டாம் எண்டு சொல்லியும் வந்தது. உது நடந்த பிறகு சும்மா சோலர்தானே எண்டு டெல்லிக்காரன் விட்டிருப்பானோ?

மற்றது, இந்தியா சமநிலை பேணுது எண்டு சொல்லேக்க எங்கட ஆக்கள் நடுநிலை எண்டு நினைக்கினம். நடுநிலை இல்லை அது. இந்தியா ஒருநாளும் நடுவில நிண்டதில்லை, ஒவ்வொரு விசயத்துக்கும் ஒவ்வொரு பக்கம் நிக்குது, அவ்வளவுதான். 1961 இல பெல்கிரேட்டில அணிசேரா மாநாட்டில இருந்த நேரு, அடுத்த வருசம் நவம்பரில சீனப் படை இறங்கினவுடன கென்னடிக்குக் கடிதம் எழுதி விமானம் கேட்டவர். 1971 ஆகஸ்ற் 9 இல இந்திரா மொஸ்கோவோட ஒப்பந்தம் செய்தது வங்காளப் பிரச்சினை வெடிச்சுக்கொண்டிருக்கேக்க, அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தான் பக்கம் நிண்ட நேரம். அந்த வருசம் பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு டாக்காவுக்குப் போனது, அதை டெல்லி இண்டுவரைக்கும் மறக்கேல்லை. எங்கட தீவை ஏன் இப்பிடி உத்துப் பாக்கினம் எண்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.


நெடுந்தீவான்

வாத்தியார், 1971 இல எண்ணெய் அடிச்சதுக்கு 2021 இல நயினாதீவாருக்குக் கரண்ட் இல்லையோ? நல்ல கணக்கு.


மானிப்பாய் அக்கா

நான் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. 1987 ஜூன் 4 பின்னேரம். அப்ப ஆமியின்ர வடமராட்சி ஒப்பரேசன் நடந்து முடிஞ்ச கையோட. முதல் நாள் இந்தியா படகுகளில சாமான் அனுப்பி, இலங்கை நேவி மறிச்சுத் திருப்பி விட்டிட்டுது. அடுத்த நாள் பிளேன் சத்தம். குண்டு போடப் போறாங்கள் எண்டு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள ஓட, பக்கத்து வீட்டு மாமா மட்டும் முத்தத்தில நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு "இது அவன் இல்லைப் பிள்ளை, இது வேற" எண்டு கத்தினார். எட்டிப் பாத்தா பரசூட் பரசூட்டா இறங்குது. அரிசியும் பருப்பும் பால்மாவும். இண்டைக்கும் கொழும்பில "பரிப்புப் போட்டது" எண்டு அதைத்தான் நக்கலாச் சொல்லுறவை.

எனக்குப் பேந்து வளந்தாப் பிறகுதான் தெரியும், பருப்புக் கொண்டுவந்த அஞ்சும் அன்ரனோவ் 32, சோவியத்தில செய்தது. காவலுக்கு வந்தது மிராஜ் 2000, பிரான்சில செய்தது. ரெண்டு பக்கத்திட்டையும் வாங்கி வைச்சிருந்தவன், ரெண்டையும் ஒரே நாளில எங்கட தலைக்கு மேல பறக்க விட்டான். இந்தியாவின்ர வெளியுறவு எப்பிடி எண்டு என்னைக் கேட்டா இந்தப் படத்தைத்தான் சொல்லுவன். மேற்குப் பக்கம் சாஞ்சு நிண்ட ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்காக அண்டைக்கு ஒரு நாடும் வரேல்லை.


சுன்னாகம் சூரி

அக்கா சூப்பர். அந்த மிராஜ் கதை எனக்குத் தெரியாது.


ஸ்காபரோ தம்பி

பருப்புப் போட்டவை பேந்து என்ன போட்டவை எண்டதையும் சொல்லுங்கோ அக்கா. இந்தியப் படையின்ர அந்த 1987 ஒக்ரோபரை எங்கட வீட்டில ஒருத்தரும் மறக்கேல்லை. சரி அதை விடுவம், அதுக்கு இஞ்ச வேற இழை கிடக்கு.

ஜெனீவாவில ஐநா மனித உரிமைப் பேரவை வாக்குக் கணக்கை மட்டும் பாருங்கோ. 2009 மே இல இந்தியா இலங்கைக்கு ஆதரவு. 2012, 2013 ரெண்டிலயும் அமெரிக்கா கொண்டந்த தீர்மானத்துக்கு ஆதரவா இலங்கைக்கு எதிரா. 2014 இல வாக்களிக்கேல்லை. 2021 இலயும் 2022 இலயும் வாக்களிக்கேல்லை. சீனா தான் உறுப்பினரா இருந்த நேரமெல்லாம் ஒரே பதில், இலங்கைப் பக்கம். சீனாக்காரனோட எங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, அது தெளிவு. இந்தியாவோடதான் நெடுகலும் எதிர்பாத்து எதிர்பாத்து.


வடமராட்சி வாத்தி

தம்பி, நல்ல உதாரணம் எடுத்தனீர். 2012 இல ஏன் ஓம் எண்டவை? தமிழ்நாட்டில கொந்தளிப்பு, டெல்லியில கூட்டணி ஆட்சி, தி.மு.க. உள்ளுக்கு இருந்தது, கொழும்பும் சீனாப் பக்கம் நல்லாச் சாஞ்சுகொண்டிருந்தது. 2021 மார்ச்சில ஏன் பேசாமல் இருந்தவை? ஒரு மாதம் முந்தித்தான் கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்தைத் தாறம் எண்டு சொன்ன கோட்டாபய அரசாங்கம் கையை விரிச்சது, கோபம் இருந்தது, ஆனா முழுக்க எதிர்த்தா இன்னும் சீனாவிட்டப் போயிடுவினம் எண்ட பயமும் இருந்தது, தமிழ்நாட்டுத் தேர்தலும் கிட்ட வந்திட்டுது, ஆதரிச்சாலும் அடி எதிர்த்தாலும் அடி எண்டபடியா வாக்களிக்காமல் விட்டினம். உக்ரைனிலயும் இதே வேலைதான். 2022 மார்ச் 2 ஐநா பொதுச்சபையில ரஷ்யாவைக் கண்டிக்கிற தீர்மானத்துக்கு இந்தியா வாக்களிக்கேல்லை. ஒரு பக்கமும் கதவைச் சாத்தக்கூடாது எண்டதுதான் அதின்ர கணக்கு.

எண்ணெய்க் கதைக்கு வருவம். போருக்கு முந்தி இந்தியா இறக்கின எண்ணெயில ரஷ்யாவின்ர பங்கு நூற்றுக்கு ரெண்டும் வராது. பேந்து மூண்டில ஒரு பங்குக்கு மேல போச்சுது. இது அமெரிக்காவுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. டெல்லியில அமெரிக்கத் தூதுவரா இருந்த எரிக் கார்செட்டியே 2024 இல வெளிப்படையாச் சொன்னவர், ரஷ்ய எண்ணெயை ஆராவது வாங்கவேணும் எண்டதுதான் எங்கட விருப்பமாவும் இருந்தது, இல்லாட்டி உலக விலை ஏறியிருக்கும் எண்டு. அதே எண்ணெய்க்குத்தான் 2025 ஆகஸ்ற்றில ட்ரம்ப் மேலதிகமா 25 வீதம் அடிச்சு மொத்தம் 50 ஆக்கினவர். அந்த நேரம் இலங்கைக்கு 20. திருப்பூரில பனியன் தைக்கிறவனுக்கு 50, கட்டுநாயக்கா வலயத்தில தைக்கிற எங்கட பிள்ளையளுக்கு 20.


கச்சான் வண்டில்

அப்ப சொந்த முடிவெண்டு டெல்லி எடுக்கிறது, அதுக்குக் காசு கட்டுறது திருப்பூர்க்காரன்.

(நான் வெளியுறவு நிபுணர் இல்லை, கச்சான் விக்கிறன்.)


சுன்னாகம் சூரி

கச்சான் அண்ணை சொன்னது சரி. வாத்தியார், எனக்கு ஒரு சந்தேகம். ரஷ்யாவில இவ்வளவு வீரம் காட்டினவை ஈரானில என்ன செய்தவை? 2019 மே இல அமெரிக்கா தன்ர தடையில இருந்து குடுத்திருந்த விலக்கை எடுத்தவுடன ஈரான் எண்ணெயைச் சத்தமில்லாமல் நிப்பாட்டினவைதானே. அங்க சொந்த முடிவு எங்க போனது?


வடமராட்சி வாத்தி

நல்ல கேள்வி. உதுதான் முழுக் கதையின்ர திறப்பு எண்டு நான் நினைக்கிறன்.

ஈரான் எண்ணெயை விட்டா இந்தியாவுக்கு வேற இடத்தில எடுக்கலாம், ஈராக், சவூதி. ஈரானால திருப்பி அடிக்கேலாது. ரஷ்யாவை விட்டா அப்பிடி இல்லை. விமானப்படையின்ர சுகோய், படையின்ர தாங்கி, கடற்படையின்ர நீர்மூழ்கி, எல்லாத்துக்கும் உதிரிப்பாகம் அங்க இருந்து வரவேணும். 2018 இல கையெழுத்து வைச்ச எஸ் 400 வான்பாதுகாப்பு ஏவுகணை மட்டும் 5 பில்லியன் டொலருக்கு மேல. அதே சாமானை வாங்கின துருக்கிக்கு 2020 டிசம்பரில அமெரிக்கா தடை போட்டது, நேட்டோவில உள்ள நாடு அது. இந்தியாவுக்குப் போடேல்லை. ஏன்? சீனாவுக்கு எதிரா இந்தியா தேவை. ஆக இந்தியா தைரியமா நிண்டது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, நிக்கிறதுக்குரிய விலையைச் சீனா எண்ட பயம் அமெரிக்காவிட்ட இருந்து வாங்கிக் குடுத்தது. ட்ரம்ப் வந்து அந்தப் பயத்தைப் பெரிசா எடுக்காமல் விட்டவுடன 50 வீதம் விழுந்தது.

ஆயுதத்திலயும் இந்தியா சும்மா இருக்கேல்லை. ஸ்ரொக்ஹோமில இருக்கிற சிப்ரி நிறுவனத்தின்ர கணக்கைப் பாருங்கோ. 2010-14 இல இந்தியா இறக்கின ஆயுதத்தில ரஷ்யாவின்ர பங்கு 72 வீதம், 2020-24 இல 36. பாதியாக்கிப் போட்டினம். அந்த இடத்துக்குப் பிரான்சும் இஸ்ரேலும் அமெரிக்காவும். ஆனா பாதி ஆக்கப் பத்து வருசம் போச்சு. படையை ஒரு நாட்டிட்ட இருந்து இன்னொரு நாட்டுக்கு மாத்திறது ஃபோன் மாத்திற மாதிரி இல்லை.

சீனா இன்னும் மோசம். 2020 ஜூன் கல்வான் எல்லைச் சண்டையில 20 இந்தியச் சிப்பாய் செத்தவங்கள், ரிக்ரொக்கைத் தடை செய்தினம், பத்திரிகை முழுக்கச் சீனச் சாமானைப் பகிஸ்கரி எண்டு கிடந்தது. 2024-25 இல சீனாவோட வர்த்தகப் பற்றாக்குறை ஏறக்குறைய 99 பில்லியன் டொலர். மருந்து செய்யிற மூலப்பொருள், சோலர் செல், ஃபோன் பாகம் எல்லாம் அங்க இருந்துதான். 2024 ஒக்ரோபரில எல்லை ரோந்துக்கு ஒரு உடன்பாட்டுக்கு வந்து, கசானில ரெண்டு தலைவரும் சந்திச்சது சும்மா அன்பிலயோ?


நெடுந்தீவான்

ஒரு நிமிசம் வாத்தியார். சோலர் செல்லும் சீனாவில இருந்துதான் இந்தியாவுக்கே போகுது எண்டுறியள். அப்ப எங்கட தீவில சீனன் போட்டா ஆபத்து, சீனாச் சாமானை இந்தியன் கொண்டந்து போட்டா ஆபத்தில்லை!


வடமராட்சி வாத்தி

ஆற்ற சாமான் எண்டது இல்லை தம்பி, ஆர் வந்து நிக்கிறது எண்டதுதான். மேல சொன்னன்.


நெடுந்தீவான்

விளங்குது. ஆனா நான் கேட்டதுக்கு அது பதிலில்லை. இந்தியாவின்ர பயம் நியாயமோ எண்டு நான் கேக்கேல்லை. தன்ர பயத்துக்காக அடுத்தவனைக் கட்டுப்படுத்தலாம் எண்டா, அமெரிக்காவும் தன்ர பயத்துக்காக இந்தியாவைக் கட்டுப்படுத்தலாம்தானே. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோட ராஜீவும் ஜே.ஆரும் மாத்தின கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. திருகோணமலையையோ வேற துறைமுகத்தையோ இந்தியாவின்ர நலனுக்குப் பாதகமா எந்த நாட்டின்ர படைக்கும் குடுக்கக்கூடாது, வெளிநாட்டுப் படை, புலனாய்வு ஆக்களைப் பற்றி ஒரு இணக்கம், வெளிநாட்டு வானொலியைப் பற்றி ஒரு பந்தி, எண்ணெய்த் தாங்கிகளை ரெண்டு நாடும் சேந்து நடத்திறது. இப்பிடி ஒரு கடிதத்தில அமெரிக்கா கையெழுத்துக் கேட்டா இந்தியா வைச்சிருக்குமோ? இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெயசங்கர் 2022 இல ஐரோப்பாவுக்குப் போய் உங்கட பிரச்சினை உலகத்தின்ர பிரச்சினை எண்டு நினைக்காதேங்கோ எண்ட மாதிரிக் கதைச்சவர், அண்டைக்கு நாங்களும் கை தட்டினம். அதையே எங்கட சின்ன நாடு டெல்லியைப் பாத்துச் சொல்லேலாது.


குருநகர் கடலான்

நீங்கள் எல்லாரும் பெரிய கதை கதைக்கிறியள். 2021 டிசம்பரில சீனத் தூதுவர் நல்லூரில வேட்டி கட்டிக்கொண்டு மேல் சட்டை இல்லாமல் நிண்ட படம் பாத்தனீங்களோ? எங்கட ஆக்களுக்கு உலருணவுப் பொதியும் குடுத்தவர். பருத்தித்துறைக்கும் போனவர். உடன இந்தியப் பேப்பரெல்லாம் வடக்குக்குச் சீனா வந்திட்டுது எண்டு ஒப்பாரி. அப்பதான் கவனிச்சன், எங்களை ஆராவது பாக்க வந்தாத்தான் மற்றவனுக்கு எங்கட ஞாபகம் வருது.

கடலில எங்கட வலையை அறுக்கிறது இழுவை மடி. அது நாகபட்டினம், இராமேஸ்வரப் பக்கத்தில இருந்து வாற தமிழன். பேச்சுவார்த்தை எத்தினை நடந்தது. சீனாக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தா மட்டும் பாதுகாப்புக் கவலை, வலை போனா அது மனிதாபிமானமாப் பாக்கவேண்டிய பிரச்சினையாம்.


ஸ்காபரோ தம்பி

கடலான் அண்ணைக்கு ஆயிரம் லைக்.


மானிப்பாய் அக்கா

கடலான் சொல்லுறது உண்மை. ஆனா தம்பிமார், கொழும்பைப் பாவம் எண்டு நினைக்காதேங்கோ. அவையும் இதே விளையாட்டுத்தான், இன்னும் கெட்டித்தனமா. 2022 இல டொலர் இல்லாமல் நாடு படுத்த நேரம் இந்தியா கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் அளவில கடனும் எண்ணெயும் மருந்தும் குடுத்தது. அந்தக் கடன் எண்ணெய் வந்து பெற்றோல் வரிசையில நிண்ட சனம் இன்னும் வீடு போய்ச் சேரேல்லை, ஆகஸ்ற்றில சீனக் கப்பலை உள்ளுக்கு விட்டினம். ரெண்டு பேரும் கழுத்தைப் பிடிக்கத் தொடங்கினாப் பிறகு 2024 முழுக்க ஒரு நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் எண்டு நிப்பாட்டி வைச்சினம். திருகோணமலையில 99 தாங்கியையும் 2022 ஜனவரியில எப்பிடிப் பிரிச்சவை? 14 இந்தியன் ஒயில், 24 எங்கட கூட்டுத்தாபனம், 61 ரெண்டு பேரும் சேந்து, அதிலயும் 51 வீதம் எங்கட. 1987 இல கடிதத்தில எழுதினதைச் செய்ய முப்பத்தஞ்சு வருசம் இழுத்தடிச்சிருக்கினம். 2025 ஜனவரியில ஜனாதிபதி அநுர பெய்ஜிங் போய் அம்பாந்தோட்டையில சினோபெக் சுத்திகரிப்பு ஆலைக்கு 3.7 பில்லியன் கையெழுத்து, ஏப்ரலில மோடி கொழும்புக்கு வந்து பாதுகாப்பு ஒப்பந்தம். சின்ன நாடெண்டு சொல்லி அவை ஏமாறேல்லை. ரெண்டு பக்கமும் வாங்கினம்.

இந்த வியாபாரத்தில வடக்குக்கு எண்டு வாறது எல்லாம் டெல்லியும் கொழும்பும் பேசி முடிச்ச மிச்சம். ரெயில்பாதை, பலாலி விமான நிலையம், காங்கேசன்துறைக் கப்பல், கலாசார மையம். வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, எல்லாம் தேவை. ஆனா எது வேணும் எண்டு எங்களிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. 2025 ஜனவரியில அந்த மையத்துக்குத் திருவள்ளுவர் பேர் வைச்சு யாழ்ப்பாணம் எண்ட சொல்லை விட்டுப்போட்டினம், சத்தம் போட்டாப் பிறகுதான் திரும்பச் சேத்தவை.


சுன்னாகம் சூரி

மன்னார் காத்தாடியையும் சேருங்கோ அக்கா. அதானி 2025 பெப்ரவரியில விட்டிட்டுப் போனார். அங்கத்தைய சனமும் பறவை ஆராய்ச்சிக்காரரும் கத்தினது ஒரு பக்கம், ஆனா முடிஞ்சது யூனிற் விலைப் பேச்சிலதான். புது அரசாங்கம் விலையைக் குறை எண்டது, அவர் போட்டார். அதில எங்கட கொழும்பு சொந்த முடிவு எடுத்ததுதானே நெடுந்தீவு அண்ணை, இந்தியா ஒண்டும் படை அனுப்பேல்லை.


நெடுந்தீவான்

அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனா அங்க போட்டியா ஒரு சீனக் கொம்பனி நிண்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டும் யோசி.


வடமராட்சி வாத்தி

நெடுந்தீவான், உம்மட முதல் கேள்விக்கு நான் நேரப் பதில் சொல்லுறன், கோவிக்காதையும். பெரிய நாட்டுக்கு முன்னால சொந்த முடிவு கேக்கிறதும், சின்ன நாட்டுக்கு அதை மறுக்கிறதும் இந்தியா ஒண்டுதான் செய்யுதெண்டில்லை, இடையில நிக்கிற எல்லா நாடும் செய்யிறதுதான். துருக்கி நேட்டோவோடயும் ரஷ்யாவோடயும் பேரம் பேசும், சிரியாவில தன்ர எல்லைக்குக் கிட்ட ஆர் நிக்கிறது எண்டதைத் தானே முடிவெடுக்கும். நியாயமோ எண்டு கேட்டா நியாயமில்லை. ஆனா எங்களுக்குப் பக்கத்தில கிடக்கிறது இந்தியா, அதை மாத்தேலாது. அப்ப நாங்கள் செய்யவேண்டியது, அவைக்கு எங்க பயம் எண்டதை விளங்கி வைச்சு அந்தப் பயத்துக்கு விலை கேக்கிறது. கொழும்பு அதைத்தான் செய்யுது. எங்கட எம்பிமார் டெல்லிக்குக் கடிதம் எழுதேக்க அதிகாரப் பகிர்வுக்கான 13 ஆம் திருத்தம் எண்டு முப்பது வருசமா ஒரே வரியை எழுதினம், அது தேவைதான், ஆனா தீவுக்குக் கரண்ட் எப்ப, இழுவை மடியை நிப்பாட்டுறது எப்ப எண்டு திகதியோட கேட்டு நான் காணேல்லை.


குருநகர் கடலான்

திகதியோட கேட்டா மட்டும் தந்திடுவாங்களோ வாத்தியார்.


வடமராட்சி வாத்தி

தராட்டியும் இல்லை எண்டு எழுத்தில வரும் தம்பி. அதை வைச்சு அடுத்தமுறை கேக்கலாம்.

இனி வரப்போறதையும் பாத்துக்கொள்ளுங்கோ. 2025 பெப்ரவரியில ட்ரம்ப் மோடிக்கு எஃப் 35 போர்விமானம் தாறம் எண்டவர், அதே மாதம் பெங்களூர் விமானக் கண்காட்சியில ரஷ்யா சுகோய் 57 ஐக் கொண்டந்து பறக்க விட்டது. ரெண்டில எதை எடுத்தாலும் மற்றவனுக்குக் கோபம், ரெண்டையும் எடுக்காமல் பிரான்சிட்ட இன்னும் ரபால் வாங்கிக்கொண்டு தங்கட விமானத்தைச் செய்து முடிக்கிறதுதான் டெல்லியின்ர குணத்துக்குப் பொருந்தும் எண்டது என்ர ஊகம். ரியூசன் பொடியள் வந்திட்டாங்கள், இரவு வாறன்.


கச்சான் வண்டில்

வாத்தியார், ரபாலும் பரசூட் போடுமோ? சும்மா கேட்டன்.


மானிப்பாய் அக்கா

கச்சான், உமக்கு வாய் கூடிப்போச்சு.